நுழைவுச்சீட்டு

வட தாய்லாந்தின் மே ஹோங் சோனுக்குப் போகும் சுற்றுலாக்களில் 'நீள்கழுத்துக் கிராமம்' ஒரு முக்கியமான நிறுத்தம். சியாங் மாயிலிருந்து கிளம்பும் மலைப்பாதையில் 1864 வளைவுகள் என்பது கணக்கு; அந்த எண்ணைப் பொறித்த பனியன்கள்கூட விற்கிறார்கள். பர்மா எல்லையை ஒட்டிய கிராமத்துக்குள் நுழைய ஆளுக்கு 250 பாட் கட்டினோம். சீட்டு கைக்கு வந்ததுமே எங்கள் வேனில் வந்த பெண்களுக்குள் விவாதம் தொடங்கிவிட்டது: கயான் பெண்கள் அணியும் பித்தளை வளையம் மரபா, அடிமைத்தனமா?

எனக்கு அந்தக் கேள்வியே உவப்பாக இல்லை. அது பார்க்க வந்தவர்களை நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறது. உண்மையில் அவை தனித்தனி வளையங்கள் அல்ல, நீண்ட பித்தளைச் சுருள். ஐந்தாறு வயதில் சுற்றி, வளர வளர நீளமானதாக மாற்றுகிறார்கள். கழுத்து நீள்வதுமில்லை; பாரம் காறையெலும்பையும் மேல் விலாக்களையும் கீழே அழுத்துவதால் அப்படித் தெரிகிறது. எங்கள் ஆச்சிமார் பாம்படம் போட்டுத் தோள்வரை தொங்கவிட்ட காதுகளும் இப்படித்தான். அடுத்த தலைமுறை அதைப் போடவில்லை. தொங்கிய காதை அறுத்துத் தைத்துக்கொண்டவர்களும் உண்டு. மரபா அடிமைத்தனமா என்று யாரும் தீர்ப்புச் சொல்லி அது நடக்கவில்லை. பாம்படத்தைக் கழற்றினால் யாருடைய சோறும் நின்றுபோகாது, அவ்வளவுதான்.

கயான் பெண்களுக்கு நின்றுபோகும். பர்மாவின் கயா மாநிலத்தில் நடந்த சண்டைக்குத் தப்பி 1980களின் பிற்பகுதியிலிருந்து எல்லை தாண்டி வந்தவர்கள் அவர்கள். பலர் அகதி முகாம்களில் அல்லாமல் சுற்றுலாக் கிராமங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். வளையம் அணிந்த பெண்ணுக்கு மாதச் சம்பளம் என்று ஏற்பாடானது. நியூசிலாந்தும் பின்லாந்தும் சிலரை ஏற்க முன்வந்தபோது தாய்லாந்து அரசு வெளியேறும் அனுமதியைத் தராமல் இழுத்தடித்தது. 2008இல் ஐ.நா. அகதிகள் ஆணையமே இதைக் கண்டித்தது. எதிர்ப்பைக் காட்ட வளையத்தைக் கழற்றிய இளம்பெண்களும் இருந்தார்கள். ஆக, வளையம் கழுத்தில் இருக்கிறதா என்பதல்ல, கழற்றிவிட்டு வாசலைத் தாண்ட முடியுமா என்பதே கேள்வி. பயணிகள் போட்டுப் பார்க்கவென்று பின்பக்கம் நாடா வைத்த அரைவளையம் ஒன்று அங்கே கிடந்தது. எங்களில் இருவர் கட்டிப் படம் எடுத்துக்கொண்டு அவிழ்த்தார்கள்.

அப்படியானால் போகாமலிருப்பதே அறம் என்பார்கள். நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். 2020இல் கொரோனாவால் எல்லைகள் மூடியபோது உலகமே அங்கே போகாமல்தான் இருந்தது. அதனால் அந்தப் பெண்கள் கைக்குக் குடியுரிமை வந்துவிடவில்லை, வரும்படிதான் போயிற்று. நம் கைகள் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற கவலையிலும் அடுத்தவள் பட்டினி கணக்கில் வருவதில்லை.

வேறு வழி தெரியாததால் பணத்தைப் பற்றிக் கேட்டேன். 250 பாட்டில் இவர்களுக்கு எவ்வளவு போகிறது? வழிகாட்டி அருவியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். சீட்டுக் கொடுத்தவர் சிரித்தார். தறியில் இருந்த பெண்தான், வழிகாட்டியின் மொழிபெயர்ப்பில், கணக்காகச் சொன்னார்: சால்வை விற்றால் முழுப் பணமும் தனக்கு; சீட்டுப் பணம் மாதத்துக்கு ஒருமுறை, கழுத்தைப் பார்த்து.