ராதையின் மகன்

சீடன்: ஐயா, ஆற்றில் விடப்பட்ட பிள்ளைகளின் கதைகளில் என்றாவது ஒருநாள் பிறப்பு வெளிப்பட்டுவிடுகிறது; வளர்த்தவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அப்படியானால் வளர்த்த வீடு என்பது அரச ரத்தம் சில காலம் தங்கிப்போகும் சத்திரம்தானே?

குரு: நாம் அப்படி வாசித்துப் பழகிவிட்டோம். கர்ணனை எடுத்துக்கொள். குந்தி பெட்டியில் வைத்து விட்ட குழந்தை அசுவ நதி, சர்மண்வதி, யமுனை, கங்கை என்று மிதந்து சம்பாபுரிப் பக்கம் வர, தேரோட்டி அதிரதனும் ராதையும் எடுத்து வளர்க்கிறார்கள். போருக்கு முன் கண்ணன் பிறப்பைச் சொல்லி அரியணைக்கு அழைக்கிறான். கர்ணன் மறுத்ததற்கு நாம் நினைவில் வைத்திருப்பது துரியோதனனுக்குப் பட்ட செஞ்சோற்றுக் கடன் ஒன்றைத்தான். வியாச பாரதத்தின் உத்தியோக பருவத்தில் துரியோதனனுக்கு முன்பே அவன் வாயில் வருவது ராதையின் பெயர். தன்மேல் வைத்த பாசத்தால் அவளுக்குப் பால் சுரந்ததையும், தன் மலமூத்திரத்தை அவள் அள்ளியதையும் சொல்கிறான். அதிரதன் பிறப்புச் சடங்கான சாதகர்மம் செய்வித்ததை, பெண் பார்த்து மணமுடித்ததைச் சொல்கிறான். ஒருவன் யாருடைய மகன் என்பதற்கு இவற்றைவிடப் பெரிய சான்று அவனுக்குத் தேவைப்படவில்லை.

சீடன்: ஆனால் கவச குண்டலம் பிறப்போடு வந்தது. தேரோட்டி வீட்டுப் பிள்ளையின் கை சாட்டையை விட்டு வில்லைத் தேடியதும் ரத்தத்தின் வேலைதானே?

குரு: கவசம் பிறப்பின் கொடைதான், மறுக்கவில்லை. அதை உடம்பிலிருந்து அறுத்து இந்திரனுக்குக் கொடுத்த பிறகும் அவன் கர்ணனாகவே இருந்தான். வில்லுக்கு வா. வளர்ந்த பிள்ளையை அத்தினாபுரத்துக்கு அனுப்பியவனே அதிரதன். அங்கேதான் துரோணரிடம் வில் பயில்கிறான். நீ ரத்தம் என்று சொல்லும் இடத்தில் ஒரு தகப்பன் நிற்கிறான். அரங்கேற்றக் களத்தையும் பார். அங்க நாட்டு அரசனாக முடிசூடிய ஈரம் தலையில் காயவில்லை. மேலாடை நழுவ, வியர்த்து, கோலூன்றி அதிரதன் உள்ளே வருகிறான். பார்த்ததும் வில்லைக் கீழே வைத்துவிட்டு அந்த ஈரத் தலையோடு கர்ணன் வணங்குகிறான். கிழவனோ கூச்சத்தில் தன் பாதங்களை ஆடை நுனியால் மூடிக்கொள்கிறான். பீமன் ஏளனம் செய்கிறான். தகப்பனை மறைத்திருந்தால் அந்த ஏளனம் வந்திருக்காது, மறைக்கவில்லை. கர்ணனின் காயம் சாதி கேட்ட உலகம் தந்தது, வளர்த்த வீடு தந்ததல்ல.

சீடன்: வேறு வீட்டில் வளர்ந்தாலும் கிரேக்கக் கதையின் ஈடிபஸை மட்டும் பிறப்பு விடவில்லையே, ஐயா?

குரு: அவன் கொரிந்து நாட்டை விட்டு ஏன் ஓடினான்? தந்தையைக் கொல்வாய் என்று தெல்பியில் கேட்டதும், தந்தை என்று தான் நம்பிய பொலிபஸுக்குத் தன் கையால் தீங்கு நேரக்கூடாதென்று ஓடினான். அந்த வழியில்தான் பெற்றவன் எதிரே வருகிறான். ரத்தம் ரத்தத்தை அடையாளம் காணவில்லை, அடித்துக் கொல்கிறது. விதி அவனைப் பிடித்தது உண்மை. அவனை அந்தச் சாலைக்கு அனுப்பியது வளர்த்தவர்மேல் வைத்த பாசம்.

சீடன்: அப்படியானால் குந்தி தேடி வந்தபோது கர்ணன் மனம் இளகியிருக்காதா?

குரு: இளகியது, அருச்சுனன் நீங்கலாக மற்றப் பாண்டவர் நால்வரைக் கொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தான். ஆனால் அதற்கு முன் நடந்ததைப் பார். கங்கைக் கரையில் அவன் சூரியனைத் தொழுது முடிக்கும்வரை, வெயில் தாங்காமல் அவனுடைய மேலாடையின் நிழலிலேயே குந்தி காத்து நிற்கிறாள். திரும்பிப் பார்க்கிறான். தன்னைப் பெற்றவள் யார் என்று கண்ணன் சொல்லி ஏற்கெனவே அறிந்தவன்தான். கைகூப்பி, ராதைக்கும் அதிரதனுக்கும் மகனாகிய கர்ணன் வணங்குகிறேன் என்றே சொல்கிறான்.