அறைக்கு ஏற்ற குரல்

தெப்பக்காட்டில் என் பள்ளித் தோழர் ஒருவர் இருக்கிறார். வனத்துறையில் உத்தியோகம். யானை முகாமிலிருந்து கூப்பிடு தூரத்தில் சின்னஞ்சிறு குடியிருப்பு. சென்ற மார்கழியில் இரண்டு நாள் அவரோடு தங்கப் போயிருந்தேன். வாசற்படியைத் தாண்டியதும் என்னை எதிர்கொண்டவை இடுப்புயரத்துக்கு நின்ற இரண்டு மரப்பெட்டிகள்தாம். நாற்காலி போட இடமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"தம்பி அனுப்பினான். முதல் போனஸில் வாங்கியது. கேட்டுவிட்டு உண்மையைச் சொல்லப்பா" என்றார் நண்பர்.

அந்தத் தம்பியைத் தகப்பன் ஸ்தானத்தில் இருந்து படிக்க வைத்தவர் இவர். அவன் இப்போது பெங்களூரில் இருக்கிறான். பழைய ரேடியோவில் காதை ஒட்டவைத்து அண்ணன் பாட்டுக் கேட்டதைப் பார்த்தே வளர்ந்த பையன், கடைக்குப் போனதும் இருந்தவற்றுள் பெரிய ஒலிபெருக்கியாகப் பார்த்து வாங்கிவிட்டான். அன்புக்கு அளவுகோல் ஏது?

ஆனால் அறைக்கு அளவு உண்டு. பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம், சிமெண்டுத் தரை, வெள்ளையடித்த வெறுஞ்சுவர். நண்பர் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார். பாடகியின் குரல் எங்கோ அமுங்கிப் போய், பாஸ் கிதாரின் ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் அண்டாவுக்குள் அடித்த மாதிரி ஊதிப் பெருத்து வந்தது. குற்றம் பெட்டியினுடையது அல்ல. அறையின் நீளம் எந்த ஒலியின் அலைநீளத்தில் சரிபாதியாக இருக்கிறதோ, அந்த ஒலியை எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் பந்தாடிப் பெருக்கிவிடும். பன்னிரண்டடிக்கு அது வினாடிக்கு ஏறத்தாழ 47 அதிர்வுகள். சிறிய பெட்டியாக இருந்தால் அவ்வளவு கீழே இறங்கியே இராது, தொல்லையும் இல்லை. பெரிய பெட்டி இறங்குகிறது. அதிலும் சுவரோரம் வைத்தால் கீழ் ஒலி இன்னும் தடிக்கும். மூலையில் வைத்தாலோ கேட்கவே வேண்டாம்.

இந்தச் சாதனங்களை 'ஹை-ஃபை' என்கிறார்கள். தமிழில் சொன்னால் உயர்ந்த விசுவாசம். பாடியவருக்கு விசுவாசமாக இருப்பது என்று பொருள். ஆனால் பாட்டு வந்து விழுகிற இடத்துக்கு யார் விசுவாசமாக இருப்பது? 1895-ல் ஹார்வர்டில் ஸபைன் என்ற பேராசிரியர், பேச்சே புரியாமல் எதிரொலித்த ஒரு சொற்பொழிவு மண்டபத்தைத் திருத்த வேண்டி வந்தபோது, பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவல் வாங்கி வந்து, இரவிரவாகப் பரப்பிப் பரப்பிப் பார்த்தாராம். பேசுகிறவர்களை மாற்ற அவர் முயலவில்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நண்பர் பாட்டை நிறுத்திவிட்டார். "மணி எட்டுதானே?" என்றேன். பக்கத்து வரிசை வீடுகளைக் காட்டினார். யானைப் பாகர்களின் குடும்பங்கள். காட்டில் மேயவிட்ட யானைகளைத் தேடிக் காலையில் அழைத்து வரவேண்டியவர்கள். கீச்சென்ற ஒலியைச் சுவர் தடுத்துவிடும். இந்தக் கனத்த ஒலி சுவரைக் கடந்து போய்த் தூங்குகிறவன் நெஞ்சில் உட்காரும். மேலும், 2009-லிருந்து இரவு ஒன்பது மணிக்கு மேல் பந்திப்பூர்ச் சாலையில் பொதுவாக வண்டிகளை விடுவதில்லை. அதன்பின் அங்கே நிலவும் நிசப்தத்தை நகரத்துக்காரர்களான நமக்கு எழுதிக் காட்ட முடியாது.

நிசப்தம் என்று நாம்தான் சொல்லிக்கொள்கிறோம். 1984-ல் அமெரிக்காவில் போர்ட்லண்ட் மிருகக்காட்சிச் சாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்ற கேட்டி பெய்ன் என்ற அம்மையாருக்குக் காதில் ஒன்றும் விழவில்லை. காற்று மட்டும் துடிப்பதாகப் பட்டது. சிறு வயதில் தேவாலயத்தில் ஆர்கன் குழல்களின் பக்கத்தில் நின்று பாடியபோது உணர்ந்த அதே துடிப்பு! பதிவு செய்து ஆராய்ந்ததில், வினாடிக்கு 14 முதல் 24 அதிர்வுகள் வரை யானைகள் பேசிக்கொள்வது தெரிந்தது. அதில் பெரும்பகுதி நம் செவிக்கு எட்டாது. நண்பருடைய பெரிய பெட்டிகளே அங்கே தோற்றுப்போகும். இதைச் சொன்னதும் அவர் சிரித்து, "அப்படியானால் இந்த ஊரில் நாம்தான் சின்னப் பெட்டி" என்றார்.

ஆனால் அவர் மனத்தில் கிடந்த கேள்வி வேறு. பொங்கலுக்குத் தம்பி வருகிறான். "அன்றைக்கு மட்டும் பெரிதாக வைத்து, ரொம்ப நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிடட்டுமா?"

"கூடாது" என்றேன் நான். பிறர் அன்பைப் பொய்யால் உபசரிப்பது அவர்களைக் குழந்தையாக்குவது என்பது என் அபிப்பிராயம். அறை சிறியது, பெட்டி பெரியது. இதைச் சொல்வதில் அவமானம் என்ன?

"நீ கதை எழுதுகிறவன், சுலபமாகச் சொல்லிவிடுவாய். அவன் முகத்தைப் பார்க்க வேண்டியவன் நானல்லவா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. உண்மையைச் சொல்லவும் ஓர் அளவு, அறைக்கு அறை மாறும் ஓர் அளவு உண்டோ என்று அன்றிரவு வெகுநேரம் யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் இருவருமாகப் பெட்டிகளைச் சுவரைவிட்டு மூன்றடி முன்னே இழுத்தோம். எதிர்ச் சுவரில் ஒரு கனத்த ஜமக்காளத்தைத் தொங்கவிட்டோம். பெட்டியின் முதுகில் காற்றுப்போக ஒரு துவாரம் இருக்கும். அதில் துணியை அடைத்தால் கீழ் ஒலி அடங்கும். கையில் அகப்பட்டது நண்பரின் உல்லன் காலுறைதான். சுருட்டி அடைத்தோம். அதே பாட்டைப் போட்டபோது பாடகி எங்களுக்கு எதிரே வந்து நின்றாள். அறையில் நடக்கத்தான் இடமில்லை.

பொங்கல் கழிந்ததும் தொலைபேசியில் விசாரித்தேன்.

"காலுறையை எடுத்து ஒளித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். மறந்துபோயிற்று. அவன் பின்னால் போய்ப் பார்த்துவிட்டான்."

"என்ன சொன்னான்?"

"ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சநேரம் பாட்டைக் கேட்டான். அப்புறம் தன் காலுறையைக் கழற்றி, 'இந்தப் பக்கத்துக்கு இன்னும் ஒன்று வேண்டும் அண்ணா' என்று அடைத்தான்."