கானாவும் கப்பலும்

நாள்கள் யாவும் ஒரே அளவின. ஆயினும் ஒரே எடையின அல்ல. பிறந்த நாள் நம் விருப்பத்தைக் கேட்டு வந்ததன்று. மணநாளோ நாமே வாய்திறந்து ஒருவருக்கொருவர் வாக்களித்த நாள். ஆண்டுதோறும் அது திரும்பி வரும்போது, அன்று சொன்னதை இன்றுவரை காத்தோமா என்னும் கேள்வியையும் உடன் கொண்டு வருகிறது. இதுபற்றியே திருச்சபையும் தன் திருப்பலி நூலில் திருமண ஆண்டு நிறைவுக்கெனத் தனி மன்றாட்டுகளை அமைத்து, 25ஆம் ஆண்டுக்கும் 50ஆம் ஆண்டுக்கும் சிறப்பிடம் தந்துள்ளது.

அந்நாளைக் கொண்டாடும் முறை காலத்துக்கேற்ப மாறி வந்துள்ளது. காலைத் திருப்பலி, பங்குத்தந்தையின் ஆசீர், உறவினரோடு ஒரு பந்தி, அனாதை இல்லத்துக்கு ஒருவேளை உணவு என்பது நம் இல்லங்களில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். இன்று வசதி பெற்ற குடும்பங்களில் புதியதொரு வழக்கம் நுழைந்துள்ளது. வெள்ளி விழாவையோ பொன் விழாவையோ உல்லாசக் கப்பலில் கொண்டாடுவதே அது. வெளிநாடுகளில் வாழும் பிள்ளைகள் பெற்றோரை வரவழைத்துக் கப்பலேற்றுகின்றனர். 2022ஆம் ஆண்டு சூன் திங்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே அத்தகைய கப்பல் ஒன்று பயணம் தொடங்கியது. எனவே இது பிற நாட்டாரின் வழக்கம் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. கிறிஸ்தவத் தம்பதியர் தம் மணநாளை இவ்வாறு கொண்டாடலாமா? கொண்டாடுவதாயின் எதை மனத்திற் கொள்ள வேண்டும்?

மிதக்கும் நகரம்

1891ஆம் ஆண்டு சனவரியில், செருமானியக் கப்பல் நிறுவனம் ஒன்றை நடத்திய ஆல்பர்ட் பாலின் என்பவர் புதிய முயற்சி ஒன்றை மேற்கொண்டார். குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் பயணிகள் குறைந்துபோக, 'அகுஸ்தா விக்டோரியா' என்னும் கப்பலை அவர் மத்தியதரைக் கடலுக்கு இன்பச் சுற்றுலாவாக அனுப்பினார். ஓர் ஊரைச் சேர்வதற்காக அன்றி, கப்பலில் இருப்பதற்காகவே கப்பலேறும் வழக்கம் இத்தகைய முயற்சிகளால் வேரூன்றியது. 2024 சனவரியில் அமெரிக்காவின் மயாமி துறைமுகத்திலிருந்து முதற்பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 20 தளங்கள் கொண்டது. ஏறத்தாழ 7,600 பயணிகள் வரை அதில் செல்லலாம். அவர்களுக்குப் பணிபுரிவோர் ஏறத்தாழ 2,350 பேர்.

இக்கப்பல்களில் மணநாளுக்கென்றே ஏற்பாடுகள் உண்டு. அறைக் கதவில் தோரணம் தொங்கும். இரவு விருந்தில் கேக் வரும். பணியாளர் மேசையைச் சூழ்ந்து நின்று வாழ்த்துப் பாடுவர். கட்டிலின் மேல் வெண்ணிறத் துவாலைகளை மடித்து இரண்டு அன்னங்களாக்கி, அவற்றின் கழுத்துகள் இதய வடிவில் இணையுமாறு வைத்திருப்பர். விரும்புவோர் கப்பல் தலைவரின் முன்னிலையில் மணவாக்கைப் புதுப்பிக்கவும் வசதியுண்டு.

மகிழ்ச்சி குற்றமா?

இதைக் கேட்டவுடன் சிலர் முகம் சுளிப்பர். இப்பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்பர். இக்கணக்குப் புதியதன்று. பெத்தானியாவில் மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை ஆண்டவரின் பாதங்களில் பூசியபோது, அதை முந்நூறு தெனாரியத்துக்கு விற்றிருக்கலாமே என்று கேட்டவன் யூதாசு. ஆண்டவர் அக்கணக்கை ஏற்கவில்லை. அன்பு சில வேளைகளில் அளவு மீறிச் செலவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். கானா ஊர்த் திருமணத்திலும், குடித்தது போதும் என்று அவர் விருந்தினரை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆறு கல்தொட்டிகள் நிறையத் திராட்சை இரசம் அளித்தார்.

மேலும், கப்பலேறும் தம்பதியரின் வாழ்வையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முப்பது ஆண்டுகள் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டிய தாய், தான் சமைக்காத உணவை ஏழு நாள்கள் அமர்ந்து உண்கிறாள். பிள்ளைகளின் படிப்புக்காக விடுமுறையையே மறந்த தந்தை, மனைவியோடு மாலை முழுவதும் பேசிக்கொண்டிருக்கிறார். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேசிப் பல்லாண்டுகளான இல்லங்கள் எத்தனை! அவர்களுக்கு அத்தகைய நாள்கள் வாய்க்குமாயின் அவை இறைவனின் கொடையே. எனவே, கடன்பட்டோ அயலாருக்குக் காட்டிக்கொள்வதற்காகவோ செய்யாதவரை, கப்பற்பயணத்தைத் தன்னளவில் குற்றம் எனல் ஆகாது.

அப்படியாயின் ஆராய வேண்டியது வேறொன்றும் இல்லையா? உண்டு. செலவைப் பற்றிய வினாவோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். அதனினும் ஆழமான வினா ஒன்று இருக்கிறது. அக்கப்பலில் மணமானவர்கள் பயணிகள் மட்டுந்தானா?

கடல் பிரித்த இல்லறம்

பழந்தமிழர் கடலைப் பெரிதும் பிரிவின் களமாகவே கண்டனர். பொருள்தேடிப் பிரியும் தலைவனும் மனையில் ஆற்றியிருக்கும் தலைவியும் நம் அக இலக்கியத்துக்குப் புதியவர்கள் அல்லர். கடல்வழிச் செலவு பெண்டிரோடு நிகழ்வதில்லை எனப் பொருள்கொள்ளப்படும் நூற்பா ஒன்றும் தொல்காப்பியத்தில் உண்டு. இன்று பயணிகளைப் பொறுத்தவரை அவ்வழக்கு மாறிவிட்டது. கணவனும் மனைவியும் கைகோத்தே கப்பலேறுகின்றனர். ஆனால் அதே கப்பலின் கீழ்த்தளங்களில் பழைய வழக்கு இன்னும் மாறவில்லை.

உல்லாசக் கப்பல்களில் அறை துப்புரவு செய்வோர், சமைப்போர், பரிமாறுவோர், துணி வெளுப்போர் ஆகியோருள் பெரும்பகுதியினர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாட்டினர். ஆறு, எட்டு, ஒன்பது மாதங்கள் எனத் தொடரும் ஒப்பந்தத்தில் அவர்கள் வருகின்றனர். பன்னாட்டுத் தொழில் அமைப்பு 2006இல் உருவாக்கி, 2013இல் நடைமுறைக்கு வந்து, 2015இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாள்களில் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு தரப்பட வேண்டும் என்கிறது. கடலோடிகளுக்குக் காவலாக வந்த சட்டமே இவ்வளவுதான் கேட்கிறது எனின், அவர்தம் உழைப்பின் கடுமையை நாம் உய்த்துணரலாம்.

துவாலையை மடித்து அன்னங்களின் கழுத்தை இணைத்து வைத்த அந்தக் கைகள் யாருடையவை? ஏழு மாதங்களாகத் தன் மனைவியின் முகத்தைத் தொலைபேசித் திரையில் மட்டுமே கண்ட ஒருவனுடையவையாக இருக்கலாம். மேசையைச் சூழ்ந்து மணநாள் வாழ்த்துப் பாடியவர்களுள் ஒருவனுக்கு அன்றே மணநாளாகவும் இருக்கலாம். இருவர் சேர்ந்திருப்பதைக் கொண்டாடும் விருந்து, பிரிந்திருக்கும் பல இணையரின் உழைப்பால் சமைக்கப்படுகிறது. இதுவே இக்கொண்டாட்டத்தின் உள்ளே மறைந்திருக்கும் அறச்சிக்கல்.

கணவன் மனைவியின் பிரிவைச் சிறிய செய்தியாகத் திருமறை கருதவில்லை. புதிதாக மணமுடித்தவனைப் போருக்கு அனுப்பலாகாது, ஓராண்டுக் காலம் அவன் வீட்டிலிருந்து மனைவியை மகிழ்விக்க வேண்டும் என்பது இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரம் தரும் கட்டளை. நாட்டின் காப்பைவிட இல்லத்தின் மகிழ்ச்சிக்கு அங்கே முதலிடம் தரப்படுகிறது. புனித இரண்டாம் ஜான் பால், குடும்பம் பற்றி 1981இல் வெளியிட்ட 'ஃபமிலியாரிஸ் கொன்சோர்சியோ' என்னும் ஊக்கவுரையில், நெடுங்காலம் பிரிந்து வாழ நேரும் கடலோடிகளின் குடும்பங்களைச் சிறப்பு மேய்ப்புப்பணி தேவைப்படும் குடும்பங்களுள் சேர்த்துக் கூறினார். கடலோடிகளுக்கெனவே 1920இல் கிளாஸ்கோ நகரில் தோன்றிய 'ஸ்டெல்லா மாரிஸ்' என்னும் கடல்சார் திருத்தூதுப்பணி, இன்றும் பல துறைமுகங்களில் அவர்களைத் தேடிச் செல்கிறது. சூலைத் திங்கள் இரண்டாம் ஞாயிற்றைத் திருச்சபை கடல் ஞாயிறாகக் கடைப்பிடிக்கிறது.

நம் கடற்கரைப் பங்குகளில் வாழ்வோருக்கு இவையெல்லாம் விளக்க வேண்டியவை அல்ல. கணவன் எங்கோ கப்பலில் இருக்க, மணநாளன்று பிள்ளைகளுடன் தனியே வந்து திருப்பலி ஒப்புக்கொடுக்கும் பெண்களை அவர்கள் அறிவார்கள். அப்பெண்ணின் மணநாளும் மணநாளே. சொல்லப்போனால், பிரமாணிக்கம் என்னும் சொல்லின் முழு எடையையும் சுமப்பது அவளுடைய மணநாளே.

நோய் காட்டிய உண்மை

2020 பிப்ரவரியில், கொரோனாத் தொற்றின் காரணமாக 'டயமண்ட் பிரின்சஸ்' என்னும் உல்லாசக் கப்பல் சப்பான் நாட்டு யோக்கோகாமாவில் தடுத்து நிறுத்தப்பட்டது. அதில் இருந்தோர் 3,711 பேர். அவர்களுள் 1,045 பேர் பணியாளர். இந்தியர் 138 பேருள் 132 பேர் பணியாளரே. மணநாளைக் கொண்டாட வந்த தம்பதியரும் பயணிகளிடையே இருந்தனர். பயணிகள் அறைகளில் தனித்திருக்குமாறு பணிக்கப்பட்டனர். பணியாளரோ ஒன்றாக உண்டு, அறைகளைப் பகிர்ந்துகொண்டு, கதவுக்குக் கதவு உணவு கொண்டு சென்றனர். நோய்த்தொற்று 700க்கு மேற்பட்டோரைப் பற்றியது.

அதன்பின் உலகெங்கும் பயணிகள் வீடு திரும்பினர். பல்லாயிரம் பணியாளரோ மாதக்கணக்கில் கடலிலேயே சிக்குண்டு கிடந்தனர். அவ்வாண்டு சூன் 17ஆம் நாள், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் கடலோடிகளுக்கெனத் தனிச் செய்தி விடுத்து, குடும்பத்தைப் பிரிந்து கரையிறங்க இயலாது கப்பலிலேயே அடைபட்ட அவர்தம் தியாகத்தை நினைவுகூர்ந்தார். எல்லாம் நன்றாக நடக்கும் காலத்தில் கண்ணுக்குத் தெரியாதிருந்த ஏற்றத்தாழ்வை நோய் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

அறிந்திருந்தவர் யார்?

பணியாளர் தாமே விரும்பி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் அல்லவா, பயணிகள் வராவிட்டால் அவர்களுக்கு வேலை ஏது என்று சிலர் கேட்கலாம். இதில் உண்மை உண்டு. அவ்வூதியத்தால் ஊரில் வீடுகள் எழுகின்றன. தங்கைகளுக்குத் திருமணம் நடக்கிறது. பிள்ளைகள் கல்லூரி செல்கின்றனர். ஆகவே கப்பலைப் புறக்கணிப்பது அவர்களுக்குச் செய்யும் உதவியாகாது. ஆயினும் ஒப்பந்தம் அனைத்தையும் தீர்த்துவிடுமா? பாலினின் கப்பல் புறப்பட்ட அதே 1891இல்தான், மே திங்களில், திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் (லியோ) 'ரேரும் நொவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். கூலி பற்றிய எந்த ஒப்பந்தத்துக்கும் மேலான நீதி ஒன்று உண்டு என்பதும், தொழிலாளியை இலாபம் ஈட்டும் கருவியாகக் கருதலாகாது என்பதும் அதன் போதனை. கட்டணம் செலுத்தியதோடு கடன் தீர்ந்தது என்று கிறிஸ்தவன் சொல்ல முடியாது.

மீண்டும் கானாவுக்கு வருவோம். தண்ணீர் இரசமானதைச் சுவைத்த பந்தி மேற்பார்வையாளருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவர் மணமகனை அழைத்துப் பாராட்டினார். பாராட்டு ஆள் மாறிச் சென்றது. தண்ணீர் மொண்டு வந்த பணியாளருக்கோ உண்மை தெரிந்திருந்தது. இதைக் குறிப்பிட நற்செய்தியாளர் யோவான் மறக்கவில்லை. ஆண்டவரின் முதல் அரும் அடையாளம் விருந்தினரைவிட முன்னதாகப் பணியாளருக்கே வெளிப்பட்டது. விருந்தை ஆண்டவர் தடுக்கவில்லை. ஆனால் அவ்விருந்தில் அவருக்கு அருகில் நின்றவர்கள், தொட்டிகளைச் சுமந்து நிரப்பியவர்களே.

நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே: இரசத்தைப் பருகலாம், அது எங்கிருந்து வந்தது என்பதை அறியாமல் பருகலாகாது.

அறிதல் என்பது வெறும் இரக்கமன்று. செயலாக மாற வேண்டும். புறப்படுமுன் சொந்தப் பங்கில் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். மணவாக்கு ஒருமுறை சொன்னால் என்றைக்குமாய் நிலைப்பது. கப்பல் தலைவர் முன் சொல்லும் புதுப்பித்தல் அழகிய நிகழ்ச்சியாகலாம். இறைவன் முன் செலுத்தும் நன்றிக்கு அது ஈடாகாது. கப்பலில் அறைப் பணியாளரின் பெயரைக் கேட்டறிந்து, பெயர் சொல்லி அழைக்கலாம். அவருக்கு மனைவி மக்கள் உண்டா என்று விசாரிக்கலாம். பல கப்பல்களில் பணியாளருக்கென நாள்தோறும் ஒரு தொகை கணக்கில் சேர்க்கப்படும். அதை நீக்கச் சொல்லிப் பணம் மிச்சப்படுத்தும் பயணிகள் உண்டு. நாம் அவர்களுள் ஒருவராக இருத்தல் ஆகாது. அருள்பணியாளர் உடன் வரும் கப்பல்களில், வேலை முடிந்த பணியாளருக்காகப் பின்னிரவில் திருப்பலி நடப்பதுண்டு. இடம் தரப்பட்டால் அதில் அவர்களோடு அமர்வது, மேல்தளத்து விருந்தினும் சிறந்த மணநாள் விருந்தாகும். ஊர் திரும்பியபின் கடலோடியின் குடும்பம் ஒன்றைத் தேடிச் சென்று நலம் விசாரிக்கலாம்.

கப்பலேற வாய்ப்பில்லாத பெரும்பாலோருக்கும் இது பொருந்தும். மண்டபத்தில் நடக்கும் வெள்ளி விழாவில், பந்திக்குப் பின்னால் நள்ளிரவு வரை அண்டா தேய்க்கும் பெண்ணுக்கும் கணவன் உண்டு. உறங்காமல் காத்திருக்கும் குழந்தை உண்டு. கடைசிப் பந்தி முடிந்தபின் அவள் உண்டாளா என்று கேட்க, விழா நாயகர்களுக்கு ஒரு நிமிடம் போதும்.

நம் இல்லறமும் இவ்வாறே. இருபத்தைந்து ஆண்டுகள் ஓடிய பின்னர் ஊரார் மணமக்களையே பாராட்டுகின்றனர். ஆனால் தொட்டியில் தண்ணீர் நிரப்பியவர்கள் பலர். நோயில் துணைநின்ற மாமியார், குழந்தையை வளர்க்கக் கைகொடுத்த அக்கா, சண்டையைத் தீர்த்துவைத்த பங்குத்தந்தை, கடன் கொடுத்துவிட்டுக் கேட்காத நண்பர் என எத்தனை பேர்! அவர்களை நினைப்பவர், தமக்குப் பணிபுரியும் முன்பின் அறியாத மனிதரையும் காணக் கற்றுக்கொள்வார். தம் திருமணத்தை இறைவன் காத்ததற்கு நன்றி கூறும் தம்பதியர், பிறருடைய திருமணம் காக்கப்பட வேண்டும் என்றும் கவலைப்படுவாராயின், அவர்கள் கரையில் கொண்டாடினாலும் கடலில் கொண்டாடினாலும் அந்த விருந்துக்கு ஆண்டவர் அழைக்கப்பட்டிருப்பார்.