பறித்தால்தான் காய்க்கும்

வைகாசி மாதம் நமக்கு இரண்டு வகையில் பெரிய மாதம். சாமித்தோப்புத் தலைமைப் பதியில் வைகாசித் திருநாள் கொடியேறுவது இந்த மாதத்தில்தான். 1851ஆம் ஆண்டு அய்யா வைகுண்டம் ஏகியதும் வைகாசி 21ஆம் நாள். லீவு கிடைத்தவர்கள் ஊருக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். சிப்காட்டில் ஷிப்ட் மாற்ற ஆள் கிடைக்காதவர்கள், இந்தப் பக்கத்து நிழல் தாங்கல்களிலும் மணலி புதுநகர் வைகுண்ட தர்மபதியிலும் உச்சிப்படிப்பு கேட்டு, அன்னதர்மத்தில் கை கொடுத்து மனம் நிறைகிறார்கள்.

வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்த மாதம் இன்னொரு வகையிலும் முக்கியம். மாசியில் போட்ட விதை கடைசிச் சுற்றுக் காய் தருகிற மாதம் இது. மாசி 20 அய்யாவின் அவதார நாள். 1833ஆம் ஆண்டு, கொல்லம் 1008 மாசி 20இல், அய்யா திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக எழுந்தருளினார். அந்த விழா முடிந்த மறுநாள் மண்ணைக் கொத்தி வெண்டை ஊன்றினால் சித்திரை பிறந்ததும் முதல் காய் பறிக்கலாம். நாற்பத்தைந்து நாள் கணக்கு பெரும்பாலும் தப்பாது.

கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் அப்படித்தான் விதை போட்டது. திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருடமாக இங்கே இருப்பவர்கள். கணவருக்கு இரும்பு உருக்கும் மில்லில் காண்ட்ராக்ட் வேலை. வாடகை வீட்டின் பின்னால் மூன்று சென்ட் அளவுக்குச் சும்மா கிடந்த இடத்தை, வீட்டுக்காரரிடம் கேட்டு அந்த அம்மா தோட்டமாக்கினார். நாலு வரிசை வெண்டை, பத்துப் பதினைந்து கத்தரிச் செடி, வேலி ஓரத்தில் கொத்தவரை, ஒரு சின்னப் பந்தலில் புடலையும் பாகலும், குளியலறைத் தண்ணீர் போகிற மூலையில் வாழை. கூரை மேலே ஒரு சுரைக்கொடி. அவ்வளவுதான்.

இந்தப் பகுதியில் வெயில் காலத்தில் தோட்டம் வைப்பது லேசான காரியம் இல்லை. கொசஸ்தலையாறும் ஆரணியாறும் அப்போது மணலாகக் கிடக்கும். சென்னைக்குக் குடிதண்ணீர் எடுத்து எடுத்து மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறிவிட்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த அம்மாவின் வீட்டு போர் தண்ணீரும் கடுமையான தண்ணீர்தான். அரிசி கழுவிய தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு பழைய பெயின்ட் வாளியில் சேர்த்து, வெயில் இறங்கிய பிறகு செடியின் அடியில் மட்டும் ஊற்றுவார். காய்ந்த சருகும் தேங்காய் நாரும் போட்டு மண்ணை மூடி வைத்தார். அக்னி நட்சத்திர நாட்களில் கத்தரிப் பூ பாதி கொட்டிப் போனது. நரம்பு மஞ்சளாகி நோய் கண்ட வெண்டைச் செடிகளை மனம் கேட்காமலே பிடுங்கிப் போட்டார். வெள்ளை ஈ ஒரு செடியிலிருந்து மறு செடிக்கு அந்த நோயைக் கொண்டு போய்விடும். இரக்கப்பட்டு விட்டுவைத்தால் வரிசையே போகும்.

தப்பியது நன்றாகக் காய்த்தது.

அந்தச் சித்திரையில்தான் மில்லில் வேலை குறைந்தது. காண்ட்ராக்ட் ஆட்களை முதலில் நிறுத்தினார்கள். அவரும் வீட்டில் உட்கார்ந்தார். வாடகை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற செலவு, ஊரில் அம்மாவுக்கு மருந்து. இரண்டு மாதம் அந்த வீட்டில் காய் வாங்கக் காசு எடுக்கவில்லை என்றால் பின்கட்டுத் தோட்டம்தான் காரணம். விடியற்காலையில், பனி உலர்ந்ததும், அந்த அம்மா கையில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு இறங்குவார். வெண்டைச் சுணை கையில் பட்டால் பகல் முழுக்க அரிக்கும். நுனியை ஒடித்துப் பார்த்தால் சட்டென்று ஒடிய வேண்டும், அதுதான் பதம். கத்தரியைப் பிடித்து இழுக்காமல் காம்போடு கத்தியால் அறுக்க வேண்டும். இழுத்தால் கிளையே முறிந்து வரும். பாகலில் மஞ்சள் ஏறும் முன்னே கை வைக்க வேண்டும்.

வருடந்தோறும் வைகாசித் திருநாளுக்குத் தாங்கலில் நடக்கும் அன்னதர்மத்துக்கு அவர்கள் வீட்டிலிருந்து ஒரு மூட்டை அரிசி போகும். இந்த வருடம் அரிசிக்கு வழி இல்லை. அந்த அம்மாவுக்கு அது பெரிய குறையாகப் பட்டது. “வெறுங்கையோட எப்படிப் போறது? காயாவது நிறையக் கொண்டு போகணும்” என்று முடிவு செய்தார். திருநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்றிலிருந்து தோட்டத்தில் கை வைப்பதை நிறுத்தினார். வெண்டை செடியிலேயே நிற்கட்டும், சேர்த்துப் பறிக்கலாம் என்று கணக்கு. வீட்டில் வெறும் ரசமும் துவையலும். கடைசிப் பையன் புடலங்காய்க் கூட்டு கேட்டான். “அது அய்யாவுக்கு” என்று சொல்லி அவனை அடக்கினார்.

ஒன்பதாம் நாள் காலையில் பறிக்கப் போனால், வெண்டைக்காய் ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். ஒடித்தால் ஒடியவில்லை, நார் நாராக உரிந்தது. கொத்தவரை விறைத்துப் போயிருந்தது. பாகல் பழுத்து வாய் பிளந்து சிவப்பு விதையைக் காட்டிக்கொண்டிருந்தது. அதைவிட மோசம், வெண்டைச் செடியில் புதுப் பூவே அரிது. ஒரு செடி தன் விதை முற்றிவிட்டது என்று கண்டால், தன் வேலை முடிந்தது என்று பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு நாளைக்கு ஒரு தடவை பிஞ்சாகப் பறித்துக்கொண்டே இருந்தால்தான் அது மேலும் மேலும் பூக்கும். பறிக்காமல் சேர்த்து வைத்தது காயையும் கெடுத்தது, வரவேண்டியதையும் நிறுத்தியது.

தேறியது இரண்டு கிலோ கத்தரி, நாலு புடலை, ஒரு சுரைக்காய். அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு தாங்கலுக்கு வந்து, பணிவிடை செய்யும் பெரியவர் முன்னால் வைத்துவிட்டு அழுதார். “அண்ணாச்சி, பிள்ளைக்குக் கூடக் கொடுக்காம வச்சிருந்தேன். எல்லாம் முத்திப் போச்சு. அய்யாவுக்கு என் மேல என்ன கோபமோ?”

பெரியவர் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: “பிள்ளைக்குக் கொடுக்காதேன்னு உங்கிட்ட யாரும்மா சொன்னது?”

மக்களே, இந்தக் கேள்வியை அந்த அம்மாவுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. திருவிதாங்கூர் ராஜ்யத்தில் நம் முன்னோர் எப்படி வாழ்ந்தார்கள் என்று அகிலத்திரட்டில் கேட்டிருக்கிறோம். தலைக்கு வரி, ஏறுகிற பனைக்கு வரி. அதற்கு மேல் ஊழியம். தன் கையால் உண்டாக்கியதைத் தலையில் சுமந்து கொண்டு போய்க் கூலி இல்லாமல் கொடுத்துவிட்டு வரவேண்டும். வீட்டில் பிள்ளை பட்டினி கிடந்தாலும் கேட்பார் இல்லை. அப்படி எடுக்கப்பட்டதற்குத் தர்மம் என்று பேர் இல்லை. காணிக்கை வேண்டாம், பலி வேண்டாம், கைக்கூலி வேண்டாம் என்று அய்யா ஏன் விலக்கினார்? ஏழையின் அடுப்பிலிருந்து எடுத்துத் தெய்வத்தின் முன்னால் குவிக்கிற பழக்கத்தை நம் மக்கள் மனத்திலிருந்தே வெட்டி எறியத்தான். ராஜா எடுத்தால் தப்பு, நாமே நம் பிள்ளை வாயிலிருந்து எடுத்துப் பதியில் வைத்தால் சரி என்று ஆகுமா? பழைய ஊழியம் பக்தி வேஷத்தில் திரும்பி வந்து நம் வீட்டுக்குள் உட்கார இடம் கொடுக்கலாமா?

பெரியவர் அவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. “ரெண்டு நாளைக்கு ஒருக்கா பறி. முதல்ல பிள்ளைகளுக்குப் போடு. மிஞ்சினத அக்கம்பக்கம் கொடு. ஞாயித்துக்கிழமை தாங்கலுக்கு வரும்போது கையில இருக்கிறத கொண்டு வா, பத்து வெண்டைக்கா இருந்தாலும் போதும். சட்டியில சேந்துட்டா யாரு காய்னு யாரும் பாக்கப் போறதில்ல” என்றார்.

அப்போது பந்திக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒருவர், கம்பெனிப் பக்கத்துத் தோட்டத்துக் காய் ஆச்சே, கரித்தூள் படிந்திருக்குமே என்றார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. மில்லுக்கு அருகில் இருப்பவர்கள் துணி காயப்போட்டாலே தெரியும். வாகைப்பதியில் எழுநூறு குடும்பங்கள் துவையல் தவசு இருந்தபோது, கடற்கரையில் துணி துவைத்துக் குளித்துத் தூய்மையைத்தான் முதல் பாடமாகப் படித்தார்கள். காய்க்கும் அதே பாடம்தான். இரண்டு மூன்று தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். கத்தரி, புடலை, சுரை போல வழுவழுப்பான காயில் தூள் எளிதாகப் போய்விடும். கீரையில் அப்படிப் போகாது. அதனால் ஆலைச் சுவரை ஒட்டிய இடத்தில் கீரை போடாமல் இருப்பது நல்லது. கம்பெனிக் கால்வாய்த் தண்ணீரை எந்தச் செடிக்கும் பாய்ச்சவே கூடாது. மண்ணில் சந்தேகம் இருந்தால் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்து மண்ணைச் சோதித்துக்கொள்ளலாம். இதற்கெல்லாம் கூச்சப்படுகிறோம், ஆனால் ஜோசியம் கேட்கக் கூச்சப்படுவதில்லை.

பெரியவரே அந்தக் கத்தரிக்காயை மூன்று தண்ணீரில் கழுவி எடுத்துக் கொடுத்தார். அன்றைய பந்தியில், சாம்பாரில் அதுவும் கிடந்தது. முந்திரிக்கிணற்றில் பதினெட்டுச் சாதியும் ஒரே தண்ணீர் இறைத்துக் குடித்த வழியில் வந்தவர்கள் நாம். அன்று தரையில் வரிசையாக உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் தங்கியிருக்கும் பையன்கள். உகப்படிப்பு அவர்களுக்குப் புரியாது. நெற்றியில் நாமம் இட்டுவிட்டபோது ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். சோறு புரிந்தது. அந்த அம்மாவின் கடைசிப் பையன் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, இரண்டாம் தடவை சாம்பார் கேட்டு வாங்கினான்.

வீட்டுக்குப் போனதும் அந்த அம்மா முற்றிய வெண்டைக்காயை எல்லாம் அறுத்துச் செடியை விடுவித்தார். அடியில் கொஞ்சம் மட்கிய சாணம் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். ஒரு வாரம் கழித்து மேல் கணுக்களில் மஞ்சள் பூ திரும்ப வந்தது. பழைய அளவுக்கு இல்லைதான். வீட்டுக்குப் போக மிஞ்சியதில் ஒரு பிடி, வேலிக்கு அந்தப் பக்கம் லைன் வீட்டுப் பையன்களுக்குப் போயிற்று. அவர்கள் பதிலுக்கு, காற்றில் சாய்ந்து கிடந்த பாகல் பந்தலை நிமிர்த்திக் கட்டிக் கொடுத்தார்கள்.

முற்றிப் போனதிலும் முழுக்க வீண் இல்லை. நோய் காணாத செடியின் நாலு காயை மட்டும் நன்றாகக் காயவிட்டு, உள்ளே விதை கலகலவென்று ஆடும் பதத்தில் உடைத்து, சாம்பலில் புரட்டி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தார். கணவருக்கு ஆனி நடுவில் வேறொரு இடத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் முன்பைவிடக் குறைவு. ஆடிப்பட்டத்துக்கு அந்த விதையில் பாதியை வீட்டில் ஊன்றினார். மீதியைச் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலமாக மடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்து வெளியே வந்தவர்களுக்குத் தாங்கல் வாசலில் நின்று கொடுத்தார். ஒரு பொட்டலத்தில் இருபது விதை.

அய்யா உண்டு.