உட்கார ஓர் இடம்



திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவில் ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மலையை 14 கிலோமீட்டர் சுற்றி நடக்கிறவர்கள் கால் வலித்தால் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறார்கள். ஓட்டலில் மேசை துடைக்கும் அக்காவும் விடுதி வாசலில் நிற்கும் வாட்ச்மேன் அண்ணனும் அப்படி உட்கார முடிவதில்லை. ஊருக்குக் கூட்டம் வரும் நாளில் அவர்களுக்கு லீவும் கிடையாது.

ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் நம் பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள். காலையில் நின்றால் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தாலே சூப்பர்வைசர் முகம் சுளிப்பார். வீங்கிய காலோடு ராத்திரி வீடு திரும்பும் மகளுக்கு, அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்துக்கு வர ஏது தெம்பு? ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். திருப்பலியும் போகிறது, சொந்தக்காரர் கல்யாணமும் போகிறது. நாலு விசேஷத்துக்கு வராதவளுக்கு அடுத்த விசேஷத்துக்குப் பத்திரிகையே வராது. வேலை பார்த்துக்கொண்டே ஒருவர் சொந்த ஊரில் அந்நியராகிவிடுகிறார்.

கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டத்தைத் திருத்தின. நல்ல காரியம். ஆனால் சக மனிதர் உட்காருவதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டதே!

பிரியமானவர்களே, நம்மையே கேட்டுக்கொள்வோம். நம் கடையில், நம் வீட்டில் வேலை செய்கிறவருக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு தருகிறோமா? “அந்தக் குடும்பம் ஆலயத்துக்கே வருவதில்லை” என்று பேசுகிறோமே, அவர்கள் வரக்கூடிய நேரத்தில் என்றைக்காவது கூடினோமா?

விவிலியத்தில் வரும் ரூத்து பிழைக்க வந்த வேற்றுநாட்டுப் பெண். கதிர் பொறுக்கிய அவளை வயலின் சொந்தக்காரர் போவாசு சாப்பாட்டு வேளையில் கூப்பிட்டார். அறுவடை ஆட்களின் பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள். வறுத்த தானியத்தை அவரே கொடுத்தார். அவள் வயிறாரச் சாப்பிட்டு மீதியும் வைத்தாள். அந்த வயலில் அவளுக்குச் சாப்பாட்டோடு உறவும் கிடைத்தது. ஆகவே, இந்த மாதம் ஓர் அன்பியக் கூட்டத்தையாவது கடை சாத்திய பிறகு, கடைப் பணியாளர்களின் தெருவிலேயே வைப்போம்.

வேலையால் ஞாயிறு திருப்பலியைத் தவறவிட்டு மனம் வெதும்பும் பிள்ளைகளே, கடவுள் உங்கள்மேல் கோபமாக இல்லை. நடந்து களைத்து, சமாரியாவின் கிணற்றோரம் உட்கார்ந்தவர் நம் ஆண்டவர். கால்வலி அவருக்குத் தெரியும். நின்ற இடத்திலிருந்தே அவரைக் கூப்பிடுங்கள், அவர் கேட்பார். அவருடைய இரக்கம் உங்களைத் தாங்குவதாக. ஆமென்.