முக்கால் மில்லி

வ. புதுப்பட்டி, விடியுமுன்.

மலைப் பக்கம் இன்னும் இருட்டு. அடுத்த வீட்டுப் பச்சைப்பிள்ளை அழுதது, உடனே அடங்கியது. பால் கிடைத்திருக்கும். மதுரையில் சிசு வார்டில் வேலை பார்த்த காலமெல்லாம் இந்தச் சத்தத்துக்குத்தான் ஏங்கினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த குறைமாதப் பிள்ளைகளுக்குப் பசித்து அழவும் தெம்பிருக்காது.

*

அவர்களுக்குச் சாப்பாடு நரம்பு வழியாக. ‘குளுக்கோஸ் ஏறுது’ என்பார்கள் வெளியே நிற்கிறவர்கள். அமினோ அமிலம், உப்பு, வைட்டமின், பால்போல் வெளுத்த கொழுப்பு எல்லாம் ஏறும். வாயால் எதுவும் கொடுக்க முடியாத ஒரு சிசுவை வில்மோரும் டட்ரிக்கும் பிலடெல்பியாவில் இப்படி வளர்த்ததை 1968-இல் எழுதினார்கள். பிறகு எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. ஆனால் 1971-லேயே, இப்படி ஊட்டிய ஒரு குறைமாதக் குழந்தையின் ஈரல் கெட்ட செய்தியும் வந்துவிட்டது.

*

பால் உள்ளே இறங்கினால்தான் குடல் ஹார்மோனைச் சுரக்கும், பித்தப்பை சுருங்கும், பித்தம் ஓடும். நரம்பில் ஏறும் உணவு குடலைத் தொடுவதில்லை. நாள் போகப்போகப் பித்தம் ஈரலிலேயே தேங்கும். சோயா எண்ணெய்க் கொழுப்பிலுள்ள தாவர ஸ்டெரால்களும் கிருமித்தொற்றும் சேர்ந்து வருத்தும். பிறந்த சில நாளில் வரும் மஞ்சள் காமாலை நீல விளக்குக்கு இறங்கும், பித்தம் தேங்கி வரும் காமாலை இறங்காது. மலம் வெளுக்கும். டைரக்ட் பிலிருபின் 2-ஐத் தாண்டிவிட்டதா என்று தாளைப் பிரிக்கும்போதே கை நடுங்கும்.

*

எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒன்று. 900 கிராம். தாய் ஆபரேஷனாகி ஸ்ரீவில்லிபுத்தூரில், பிள்ளை மதுரையில். தகப்பன் ஐஸ் வைத்த டப்பாவில் சீம்பாலோடு பஸ் ஏறி வந்தான்.

“இம்புட்டுத்தான் வந்துச்சு சிஸ்டர்.” தலை நிமிரவில்லை.

கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10 மில்லி என்று டாக்டர் எழுதியிருந்தார். இரண்டு மணிக்கொரு தரம் கொடுத்தால் வேளைக்கு முக்கால் மில்லி. சிரிஞ்சில் எடுத்துக் காட்டினேன். “ரெண்டு வேளைக்கு வரும் தம்பி.”

அந்த முக்கால் மில்லி வயிற்றை நிரப்பக் கொடுப்பதில்லை, குடலை எழுப்பக் கொடுப்பது. பால் கூடக்கூட நரம்பு உணவைக் குறைக்கலாம். சீக்கிரம் நிறுத்தலாம். ஈரலுக்கு அதைவிடப் பெரிய மருந்து எனக்குத் தெரியாது.

*

குடல் அழுகிவிடுமோ என்று பயந்து நாள்கணக்கில் பால் தராமல் வைத்திருந்த காலமும் உண்டு. அந்தப் பயம் பொய்யில்லை; வயிறு உப்பினால் இன்றும் நிறுத்தத்தான் வேண்டும். ஆனாலும் அந்தப் பட்டினி நாட்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அம்மா காலத்தில் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டு, சர்க்கரைத் தண்ணியைச் சேனையாக வைத்தார்கள். அதுவும் நினைவுக்கு வருகிறது.

*

அந்தப் பிள்ளைக்குப் பத்தாம் நாள். கறுப்பு மலமெல்லாம் போய், துணியில் முதன்முதலாக மஞ்சள். பித்தம் இறங்கிய நிறம். துணியை மடிக்காமல் வாசலுக்குக் கொண்டுபோனேன்.

“போன்ல படம் புடிச்சு அவளுக்கு அனுப்பு தம்பி.”