வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு ஊர் பட்ட கடன்

2018 பிப்ரவரியில் வெளியான நீட் தேர்வு அறிவிக்கையில் இருந்த ஒரு நிபந்தனை பல வீடுகளின் உறக்கத்தைக் கெடுத்தது. திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களும், தனித்தேர்வர்களாக எழுதித் தேறியவர்களும் மருத்துவம் படிக்க விண்ணப்பிக்கவே கூடாது என்றது அது. எவ்வளவு மதிப்பெண், எவ்வளவு அறிவு என்ற பேச்சே அதில் கிடையாது. மத்திய அரசு நடத்தும் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் கொடுத்த சான்றிதழை, மத்திய அரசின் கீழ் இயங்கும் இன்னோர் அமைப்பு செல்லாக்காசாக்கியது. அந்த ஆண்டு மே 11 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் இந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தள்ளியது. அப்படியும் ஐயம் தீரவில்லை. தேசிய மருத்துவ ஆணையம் 2023இல் தன் நிலையை மாற்றிக்கொள்ள, 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைப் பதிவு செய்த பிறகே விஷயம் முடிவுக்கு வந்தது. ஆறு ஆண்டுகள்! பன்னிரண்டு வயதுப் பிள்ளை பதினெட்டைத் தொட்டுவிடும் காலம் அது. கற்பவரின் வாழ்நாள் சுருங்கியது என்று நாலடியார் கவலைப்பட்டதை நம் அலுவலகங்கள் படித்ததாகவே தெரியவில்லை.

தடை போய்விட்டது, அதன் பின்னால் இருந்த மனப்பான்மை போகவில்லை. பள்ளிக்குப் போகாத பிள்ளையா, அந்த வீட்டில் ஏதோ கோளாறு என்று ஊர் முடிவு கட்டுகிறது. இங்கேதான் ஓர் அறக்கேள்வி எழுகிறது. ஒரு குடும்பம் தன் பிள்ளையை வீட்டில் வைத்துக் கற்பிக்கிறது. அதன் காரணம் நமக்குப் பிடித்திருக்கலாம், பிடிக்காமலும் இருக்கலாம். அந்தக் குடும்பத்துக்கு உதவுவது ஊரின் கடமையா? அல்லது உதவியை மறுத்து, பிள்ளையைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்ப நெருக்குவது கடமையா? உதவுவதே கடமை. காரணம் பிடிக்காத வீட்டுக்கு அந்த உதவி இன்னும் கூடுதலாகக் கடன்பட்டது.

சட்டத்திலிருந்து தொடங்கலாம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்றது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று பத்தாம் பிரிவில் சொன்னது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் வைக்கவில்லை. அப்படியானால் வீட்டுக்கல்வி குற்றமா என்ற கேள்வி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, தாமாக விரும்பி இவ்வழியைத் தேர்ந்தவர்கள் தொடரலாம், சட்டம் குறுக்கே வராது என்று 2012இல் மத்திய அரசு பதில் சொன்னது. அதே ஆண்டில் வந்த திருத்தம், கடுமையான ஊனமும் பன்முக ஊனமும் உள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி பெறும் உரிமையை எழுத்தில் கொடுத்தது. ஆக, வாசல் திறந்திருக்கிறது. வாசலுக்கு அப்பால் வழிகாட்ட ஆளில்லை.

வீட்டுக்கல்வி என்றதும் ஆங்கிலம் பேசும், வசதியான, மென்பொருள் வேலை பார்க்கும் ஒரு வீடுதான் பலர் மனத்தில் வருகிறது. திருச்சிராப்பள்ளியை ஒரு சுற்றுச் சுற்றினால் அந்த எண்ணம் நிற்காது. திருவெறும்பூருக்கு அப்பால் தேவராயநேரியில் நரிக்குறவர் குடும்பங்கள் இருக்கின்றன. பாசிமணி விற்கத் திருவிழாத் திருவிழாவாகப் போகிறவர்களோடு பிள்ளைகளும் போகிறார்கள். திரும்பி வரும்போது பள்ளிப் பாடம் பல பக்கங்கள் ஓடிப்போயிருக்கிறது. 2023இல் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். பட்டியல் வந்தது, பயணத்தோடு கூடவே வரும் பாடம் வரவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பள்ளி பள்ளியாக அழைத்துப் போய், ஒவ்வொரு வாசலிலும் இனிமையான சொற்களால் மறுக்கப்பட்டு, கடைசியில் வீட்டுக் கூடத்தையே வகுப்பறையாக்கிக்கொண்ட தாய்மார் உண்டு. வகுப்பில் அடிபட்டோ கேலிக்கு ஆளாகியோ இனிப் போகமாட்டேன் என்று சுருண்ட பிள்ளைகள் உண்டு. பெண் பெரியவளானதும் போதும் என்று நிறுத்திவிட்ட வீடுகளும் உண்டு. இவை எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைப்பது தவறு. ஆனாலும் ஒரே துன்பம் எல்லா வீட்டிலும் இருக்கிறது: முதல் ஆண்டில் யாரைக் கேட்பது என்று தெரியாமை.

வீட்டில் கற்பிப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. ஸ்ரீரங்கத்தில் மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து என நடக்கும் அத்யயன உற்சவத்தில் அரையர்கள் தாளமிட்டு, அபிநயித்து, திவ்யப் பிரபந்தத்தை விண்ணப்பம் செய்கிறார்கள். அந்தக் கலையைச் சொல்லித் தரும் பாடத்திட்டம் எந்தப் பள்ளியிலும் கிடையாது. தலைமுறை தலைமுறையாகத் தகப்பன் மகனுக்கு வீட்டில் கற்பித்து வந்ததால்தான் அது நிலைத்திருக்கிறது. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். வீட்டில் கற்றது வீட்டோடு நின்றதில்லை. அரங்கன் திருமுன், ஊர் கூடியிருக்க, வெளிப்பட்டது. கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் மண்டபமும் தாயார் சந்நிதிக்கு எதிரேதான் இருக்கிறது. எவ்வளவு பெரிய புலமையானாலும் அவை ஏற வேண்டும் என்பது ஸ்ரீரங்கம் அறிந்த முறை.

வள்ளுவரும் இதையேதான் மக்கட்பேற்றில் வைத்தார். தந்தை மகனுக்குச் செய்யக்கூடிய நன்மையாக அவர் சொல்வது, கற்றோர் கூடிய அவையில் அவனை முன்னிற்கச் செய்வது. பெற்றோர் கடமை பிள்ளையை அவைக்குக் கொண்டுவருவது என்றால், அவையைத் திறந்துவைப்பது ஊரின் கடமை. அடுத்த குறளில் அவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: பிள்ளையின் அறிவு பெற்றவரைவிட உலகத்து உயிர்களுக்கே அதிகம் இனிக்கிறது என்கிறார். இனிப்பில் பங்கு கொள்ளும் உலகம் சுமையில் பங்கு கொள்ளாதிருப்பது எந்த அறம்? புறநானூற்றில் பொன்முடியார் பாடிய தாய், ஒரு மகன் ஆளாவதற்குரிய கடமைகளைத் தன்னோடும் கணவனோடும் முடித்துக்கொள்ளவில்லை. வேல் வடிக்கும் கொல்லனுக்கும் நாடாளும் வேந்தனுக்கும் அதில் பங்கு பிரித்துக் கொடுக்கிறாள். அதே தொகையில் பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், அரசு அறிவுடையவன் காட்டும் வழியில் போகும் என்கிறான். அந்த அறிவுடையவன் எந்தக் கூரையின் கீழ் கற்றான் என்று அந்த மன்னன் கேட்கவில்லை. ஒரு தேர்வு அறிவிக்கை கேட்டது.

நன்னூல் தரும் கணக்கு இன்னும் கூர்மையானது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால். மீதிப் பாதி, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதில் வருகிறது என்கிறார் பவணந்தி முனிவர். வீட்டுக்கல்வியை எதிர்ப்பவர்கள் இந்த நூற்பாவைத் தங்கள் பக்கச் சாட்சியாக நினைக்கக்கூடும். தாயும் தந்தையும் கால் பங்குக்கு மேல் தர முடியாது என்பது உண்மைதானே! ஆனால் அதே காரணத்தால்தான் மீதி முக்கால் பங்குக்கு ஊர் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. உடன் பயில நாலு பிள்ளைகளையும், சொன்னால் கேட்க நாலு பெரியவர்களையும் எந்த வீடும் தனக்குள் உண்டாக்கிக்கொள்ள முடியாது.

பள்ளியின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை 1982 ஜூலை 1 அன்று தொடங்கிவைத்தது இதே திருச்சியின் பாப்பாக்குறிச்சியில். வீட்டில் படிக்கும் ஏழைப் பிள்ளைக்கு அந்தச் சோறு கிடைப்பதில்லை. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமரும் இடம் நம் நாட்டில் பள்ளியை விட்டால் அதிகம் இல்லை. வீட்டுக்கல்வி என்ற பெயரில் பிள்ளை வேலைக்கோ, இளவயதுத் திருமணத்துக்கோ தள்ளப்படலாம் என்ற அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஒப்புக்கொள்ள வேண்டியவையே இவை. ஆனால் சந்தேகத்தோடு கதவைத் தட்டுகிறவருக்கு எந்த வீடும் உண்மையைச் சொல்வதில்லை. புத்தகத்தோடும் தேர்வு விவரத்தோடும் வருகிறவரை உள்ளே அழைக்கிறார்கள். அவர் பிள்ளையைப் பார்க்கிறார், பேசுகிறார், அது படிக்கிறதா பீடி சுற்றுகிறதா என்று அறிகிறார். உதவியைவிட நம்பகமான கண்காணிப்பு வேறில்லை. நிறுத்தப்பட்ட பெண் பிள்ளையின் வீட்டுக்கு முதலில் போக வேண்டியது இதனால்தான்.

இப்படி வீடு தேடிப் போவது நடக்காத காரியமும் அல்ல. கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. தமிழ்நாட்டின் ஒவ்வொரு குடும்பமும், விரும்பியோ விரும்பாமலோ, வீட்டுக்கல்விக் குடும்பமாக இருந்த காலம் அது. அதன் இழப்பை ஈடுகட்ட வந்த 'இல்லம் தேடிக் கல்வி' முதலில் தொடங்கிய 12 மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. அதிகம் போனால் இருபது பிள்ளைகள், மாலையில் ஒன்றரை மணி நேரம், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. இவ்வளவில் பக்கத்து வீட்டுப் பெண்கள் திண்ணையிலும் தெருமுனையிலும் ஆசிரியர்களானார்கள். அன்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்ததைப் பள்ளியில் பெயரில்லாத பிள்ளைக்கும் செய்ய என்ன தடை?

புதிதாக இந்த வழியில் இறங்கிய குடும்பத்துக்குத் தேவைப்படுபவை பெரிய விஷயங்களும் அல்ல. எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப் பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதையும், திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வுக்குப் பதினான்கு வயது வேண்டும் என்பதையும் யாராவது உரிய நேரத்தில் சொன்னால் போதும். மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதுகிறவர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சி வகுப்புக்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். அந்தத் தேதியைத் தவறவிட்ட ஒரே காரணத்தால் ஆண்டை இழக்கிற பிள்ளைகளின் துயரம் யாருடைய கணக்கில் ஏறுகிறது? வீட்டில் படித்துவிட்டு மறுபடி பள்ளிக்குப் போக நினைக்கும் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், டி.சி. தாமதத்தைக் காட்டி மறுக்கக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. இது தெரியாமல், ஒருமுறை வெளியே வந்தால் திரும்ப வழியில்லை என்று அஞ்சிக் கிடக்கும் பெற்றோர் எத்தனை பேர்! பயத்தில் எடுத்த முடிவு பிள்ளைக்கு நல்ல முடிவாக இருக்காது. திரும்பும் வழி தெரிந்த குடும்பம்தான் நிதானமாகக் கற்பிக்கும்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை இந்த ஊர் நினைத்துப் பார்க்க வேண்டும். திருச்சியை அடுத்த சிற்றூரில் 1815இல் பிறந்தவர். தகப்பனார் சிதம்பரம் பிள்ளையிடமே முதலில் கற்றவர். இளமையில் தந்தையை இழந்தபின், கற்றவர் எங்கிருந்தாலும் தேடிப் போய்ப் பாடம் கேட்டு மலைக்கோட்டை அடிவாரத்தில் புலவராய் வளர்ந்தார். அவர் தனியாக வளரவில்லை. ஊரில் இருந்த புலவர்கள் சுவடியும் நேரமும் கொடுத்தார்கள். அந்தக் கடனை அவர் திருப்பிக் கொடுத்த விதம் பெரிது. கையில் காசில்லாத நாளிலும் மாணவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்துக் கற்பித்தார். கிறித்தவரான சவேரிநாத பிள்ளையும், இசுலாமியரான நாகூர் குலாம்காதர் நாவலரும், பின்னாளில் அவர் வரலாற்றை எழுதிய உ.வே.சாமிநாதையரும் அவர் மாணவர்கள். எந்த வீட்டுப் பிள்ளை, ஏன் வந்தது என்று ஆராய்ந்து பாடத்தைக் கூட்டிக் குறைத்தவர் அல்லர் அவர்.

அந்த ஊரில் இன்று என்ன இல்லை? விமான நிலையச் சாலையில் அண்ணா அறிவியல் மைய கோளரங்கம் இருக்கிறது. மேலணைக்கருகே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. இராணி மங்கம்மாள் மண்டபத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1844இல் தொடங்கிய புனித வளனார் கல்லூரியும், தேசியக் கல்லூரியும், ஜமால் முகமதுவும் ஆய்வுக்கூடங்களோடு நிற்கின்றன. விடுமுறை நாட்களில் பூட்டியிருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தை மாதம் ஒருமுறை வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவதால் எந்தக் கல்லூரியும் குறைந்துவிடாது. பெல்லிலும் பொன்மலைப் பணிமனையிலும் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர்கள் இந்த நகரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுக்க அவர்களில் பலருக்கு மனமிருக்கும், கேட்பார்தான் இல்லை. ஒப்புரவு என்று வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்தது இத்தகைய கொடைக்காகவே. கேட்டவனுக்குக் கொடுப்பது ஈகை. ஊரோடு சேர்ந்து வாழ்வதால் தானாகவே செய்ய வேண்டியது ஒப்புரவு.

முதலில் வேண்டியது ஓர் இடம். மாவட்ட மைய நூலகத்தில் ஒரு மேசை, வாரத்துக்கு ஒரு மாலை, தேர்வு விதிகள் அறிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். தேவராயநேரியிலிருந்து வருகிற தாயும், ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியிலிருந்து வருகிற தாயும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே விண்ணப்பப் படிவத்தை நிரப்பலாம். பிள்ளைகள் அந்த நேரத்தில் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். அடுத்த தனித்தேர்வு அறிவிப்பு வருவதற்குள் இதைச் செய்துவிட முடியும். மாவட்டக் கல்வி அலுவலகம் முன்வந்தால் நல்லது. வராவிட்டால் ஒரு வாசகர் வட்டமோ, ஒரு முன்னாள் மாணவர் சங்கமோ போதும்.